ரெவ் 1-ஆ, ரெவ் 2-ஆ? துவாக்குடி ஷெட்டுல ஒரு டிராயிங்கோட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



கிட் பத்தி நாம போட்ட எபிசோடுக்கு நிறைய கேள்விகள் வந்துச்சு. அதுல ஒண்ணை இன்னைக்கு எடுத்துக்கறேன். துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வேலை பார்க்கிற தம்பி அனுப்பினது. "அண்ணா, உங்களுக்குக் கோடு தப்பாப் போனா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடுவீங்க. எங்களுக்கு பிளேட்டை வெட்டிட்டா வெட்டினதுதான். எங்களுக்கு என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. அவங்களுக்கும் இருக்கு. பி.டி.எம்., பி.எல்.எம். அப்படின்னு சொல்லுவாங்க. ஒரு பொருளோட டிராயிங், பார்ட்ஸ் லிஸ்ட், ஸ்பெசிஃபிகேஷன், டெஸ்ட் சர்டிஃபிகேட், அதுல யார் எப்ப என்ன மாத்தினாங்க, யார் சரின்னு சொன்னாங்க, இது எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பார்த்துக்கற சாஃப்ட்வேர். கேட்கும்போது கூகுள் டிரைவ் மாதிரி தோணும். அப்படி நினைச்சு உள்ள போற கம்பெனிகள்தான் ஆறு மாசத்துல கைவிட்டுட்டு வெளிய வராங்க. ஏன்னு வரிசையாப் பார்ப்போம்.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்க ஊர்ப் பேரைச் சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ராஜகோபுரம் ஞாபகம் வரும். ஆனா திருச்சியோட இன்னொரு பக்கம் முழுக்க இரும்பு வாசனைதான். பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல நாகப்பட்டினத்துல இருந்து இங்க வந்தது. 1965-ல திருவெறும்பூர்ல பெல் பாய்லர் தொழிற்சாலை ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் துப்பாக்கித் தொழிற்சாலை. 1975-ல பெல் வளாகத்துக்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். பெல்லைச் சுத்தி, அதை நம்பி, துவாக்குடி சிட்கோ எஸ்டேட்லயும் தஞ்சாவூர் ரோட்டு ஓரத்துலயும் நூத்துக்கணக்குல சின்னச் சின்ன ஷெட்டுங்க வளர்ந்துச்சு. பிளேட் வெட்டுறது, வளைக்கிறது, வெல்ட் பண்றது, பெயின்ட் அடிச்சு அனுப்புறது. கூலி பெரும்பாலும் டன் கணக்குல.

ரொம்ப நாளுக்கு ஒரே கஸ்டமர். அதனால பேப்பர் வேலையும் ஒரே மாதிரி இருந்தது. டிராயிங் அங்கேயிருந்து வரும், இன்ஸ்பெக்டர் அங்கேயிருந்து வருவார், ஏதாவது சந்தேகம்னா பைக் எடுத்துட்டுப் போய் கேட்டுட்டு வந்துடலாம். பிறகு பெல்லுக்கே அனல் மின் நிலைய ஆர்டர் குறைஞ்சபோது இந்த ஷெட்டுங்களுக்கு மூச்சு முட்டிருச்சு. மூடினவங்க மூடினாங்க. மிச்சமிருந்தவங்க வெளிய கஸ்டமர் தேடிப் போனாங்க. சுத்திகரிப்பு ஆலை, சர்க்கரை ஆலை, சிமெண்ட், வெளிநாட்டு ஏற்றுமதி. கஸ்டமர் அஞ்சு பேர் ஆனதும் டிராயிங் நம்பர் போடுற முறை அஞ்சு, ரிவிஷன் எழுதுற முறை அஞ்சு, அப்ரூவல் வாங்குற முறை அஞ்சு. நம்ம கதை இங்கேதான் ஆரம்பம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஷெட். பேர் வேண்டாம். பதினஞ்சு பேர் வேலை செய்யற இடம். ஒரு பிரஷர் வெசலுக்கு ஷெல் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. உருளை மாதிரி ஒரு பெரிய பாத்திரம்னு வச்சுக்கங்க. அதுல பைப் சேர்ற இடத்துல ஓட்டை போட்டு நாசில் வைப்பாங்க. ரெவ் 1 டிராயிங்ல ஒரு நாசில் 45 டிகிரியில இருந்தது. கஸ்டமர் சைட்ல பைப் போற வழியில ஒரு தூண் குறுக்கே வர, அதை 135-க்கு மாத்தி ரெவ் 2 அனுப்பினாங்க. எதுல? வாட்ஸ்ஆப் குரூப்ல. ராத்திரி 11 மணிக்கு. பி.டி.எஃப். ஒண்ணு, கீழே "பிளீஸ் ஃபாலோ லேட்டஸ்ட்" அப்படின்னு ஒரு வரி. அதுக்குக் கீழே ரெண்டு பேர் தம்ஸ் அப். அதுக்கும் கீழே யாரோ குட் மார்னிங் படம்.

காலையில ஷெட்டுல இருந்தது ரெவ் 1 பிரிண்ட். எண்ணெய்க் கறையோட, ஓரம் மடிஞ்சு, செவுத்துல ஒட்டினது. குரூப்ல இருந்த சூப்பர்வைசர் அன்னைக்கு லீவு. மார்க்கிங் போடுறவர் செவுத்தைப் பார்த்து 45-ல சாக்பீஸ்ல குறிச்சார். கேஸ் கட்டர் ஓடிருச்சு.

ஓனர் அண்ணன் என்கிட்ட சொன்னது இப்பவும் காதுல இருக்கு: "வெல்டர் தப்புப் பண்ணல தம்பி. அவன் டிராயிங்படிதான் பண்ணினான். டிராயிங்தான் தப்பு டிராயிங்."

அந்த ஓட்டையை அடைக்கறது சும்மா ஒரு ஒட்டு போடுற வேலை இல்ல. பிரஷர் தாங்கணும். அதனால எப்படிச் சரி பண்ணப் போறோம்னு எழுதி கஸ்டமர்கிட்ட அனுமதி வாங்கணும். அதே கிரேடு பிளேட்ல துண்டு வெட்டி வெல்ட் பண்ணணும், எக்ஸ்ரே எடுக்கணும், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும். மூணு வாரம் போச்சு. தாமதத்துக்குப் பில்லுல பிடித்தம். அந்த மாசம் சம்பளத்துக்கு அண்ணன் நகையை வச்சார். ஒரு பி.டி.எஃப். சரியான ஆள் கையில சரியான நேரத்துல போய்ச் சேரல, அவ்வளவுதான் நடந்தது.

இப்ப சாஃப்ட்வேர்காரங்களா நாம யோசிப்போம். நம்ம உலகத்துல இது எப்படி நடக்காம பார்த்துக்கறோம்? மெயின் பிராஞ்ச்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கறதுதான் உண்மை. புல் ரிக்வெஸ்ட் போட்டு, ஒருத்தர் பார்த்து, மெர்ஜ் ஆனாத்தான் உள்ள போகும். பி.எல்.எம். சாஃப்ட்வேரோட அடிப்படையும் இதுதான். பேர்தான் வேற. புல் ரிக்வெஸ்டுக்கு அங்க இன்ஜினியரிங் சேஞ்ச் நோட்டீஸ், சுருக்கமா இ.சி.என். என்ன மாறுது, ஏன் மாறுது, இதனால வேற எந்தெந்தப் பொருள் பாதிக்கும், ஏற்கெனவே செஞ்சு வச்சதை என்ன பண்றது, எல்லாம் அதுல இருக்கணும்.

ஆனா மூணு இடத்துல நம்ம அனுபவம் அங்க செல்லாது.

முதலாவது, மெர்ஜ். நம்ம கோடு வெறும் எழுத்து. நீங்க ஒரு வரி, நான் ஒரு வரி மாத்தினா கிட் ரெண்டையும் சேர்த்துடும். முப்பரிமாண கேட் ஃபைலை அப்படிச் சேர்க்க முடியாது. அதனால அங்க பழைய பாணி: ஒருத்தர் ஃபைலை செக்-அவுட் பண்ணா மத்தவங்களுக்குப் பூட்டு. வேலை முடிச்சு செக்-இன் பண்ணாத்தான் திறக்கும். நம்மாளுங்க இதைப் பார்த்துட்டு "இது என்ன 1990-ஸ் மாதிரி இருக்கு"ன்னு சிரிப்பாங்க. நான் சிரிக்க மாட்டேன். ரெண்டு பேர் ஒரே ஷெல்லை ரெண்டு விதமா மாத்தி வச்சா எதை வெட்டுறது?

ரெண்டாவது, வெர்ஷனும் ரிவிஷனும் வேற வேற. டிசைனர் ஒரு நாள்ல பத்து தடவை சேவ் பண்ணுவார். அது வெர்ஷன், ஷெட்டுக்குத் தேவையே இல்ல. அப்ரூவல் முடிஞ்சு வெளிய விட்டதுதான் ரிவிஷன். ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஒரு நிலை இருக்கும்: வேலையில் இருக்கு, பார்வையில் இருக்கு, ரிலீஸ் ஆச்சு, காலாவதி. ஷெட்டுல இருக்கறவர் கண்ணுக்கு ரிலீஸ் ஆனது மட்டும்தான் தெரியணும். பழசு தெரியவே கூடாது. இந்த ஒரு விதி அந்த வெசல் கதையில இருந்திருந்தா மூணு வாரம் மிச்சம்.

இடையில ஒரு சின்ன விஷயம். ரிவிஷனுக்கு எழுத்து போடுற அமெரிக்க வழக்கத்துல ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் இந்த ஆறையும் விட்டுடுவாங்க. ஐ-யைப் பார்த்தா ஒண்ணு மாதிரி, ஓ-வைப் பார்த்தா சைபர் மாதிரி, எஸ் அஞ்சு மாதிரி. மங்கின பிரிண்ட்ல எண்ணெய்க் கையோட படிக்கிற ஆளை மனசுல வச்சுப் போட்ட விதி அது. நல்ல யூ.எக்ஸ். டிசைன்னா எனக்கு இதுதான்.

மூணாவதுதான் பெருசு. ரோல்பேக் கிடையாது. நம்ம சர்வர்ல புது வெர்ஷன் போட்டா எல்லாருக்கும் புதுசு. அங்க, ஏற்கெனவே வெளிய போன நூறு பொருள் பழைய ரிவிஷன்ல உலகத்துல எங்கேயோ ஓடிக்கிட்டு இருக்கும். அதனால எந்த சீரியல் நம்பர்ல இருந்து புதுசுன்னு தனியா எழுதி வைக்கணும். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் ஸ்பேர் பார்ட் கேட்டா, அவர்கிட்ட இருக்கறது எந்த ரிவிஷன்னு தெரிஞ்சாத்தான் சரியானதை அனுப்ப முடியும்.

இதை அலட்சியம் பண்ணா என்ன ஆகும்னு ஜெனரல் மோட்டார்ஸ் கதை சொல்லும். ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் மாதிரி கார்கள்ல இருந்த இக்னிஷன் சுவிட்ச். சாவியைத் திருப்புறதுக்குத் தேவையான அழுத்தம் ஸ்பெசிஃபிகேஷன்ல சொன்னதை விடக் கம்மியா இருந்தது. ஓடிக்கிட்டு இருக்கும்போது முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து ஆடினாலோ சுவிட்ச் தானா நழுவி இன்ஜின் அணைஞ்சிடும். பவர் ஸ்டீயரிங் போச்சு. மோதினா ஏர்பேக்கும் விரியாது.

2006-ல உள்ளுக்குள்ள அந்த சுவிட்சைத் திருத்திட்டாங்க. சின்ன ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் மாறிச்சு. மாத்தறதுக்கு கையெழுத்தும் போட்டாங்க. ஆனா பார்ட் நம்பரை மாத்தல. வெளியில இருந்து பார்க்க பழசும் புதுசும் ஒண்ணுதான், லேபிளும் ஒண்ணுதான்.

அதோட விளைவைப் பாருங்க. விபத்துகளை ஆராய்ஞ்ச கம்பெனியோட சொந்த ஆட்களுக்கே குழப்பம். 2007 வரைக்கும் வந்த கார்ல பிரச்சினை இருக்கு, 2008 மாடல்ல இல்ல, ஆனா ரெக்கார்டுபடி சுவிட்ச் மாறவே இல்லையே! காரணம் சுவிட்சா இருக்காதுன்னு வேற எங்கேயோ தேடிக்கிட்டு இருந்தாங்க. கடைசியில ஜார்ஜியாவுல மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் போட்ட வழக்குல, அவங்க தரப்பு இன்ஜினியர் புது சுவிட்ச் ஒண்ணை வாங்கி, விபத்து நடந்த கார்ல இருந்த சுவிட்சோட பக்கத்துல வச்சு அளந்து பார்த்தார். ஒரே நம்பர், உள்ள ரெண்டும் வேற வேற. 2014-ல கிட்டத்தட்ட 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. இழப்பீட்டு நிதி ஒத்துக்கிட்ட மரணங்கள் 124.

இன்னொரு கொடுமை என்னன்னா, பிற்பாடு வந்த நல்ல மாடல் கார்களையும் சேர்த்து அழைக்க வேண்டியிருந்தது. ரிப்பேர் கடைகள்ல பழைய சுவிட்சும் புது சுவிட்சும் ஒரே நம்பர்ல கலந்து கிடந்ததால, நல்ல காருக்குக்கூட யாராவது கெட்ட சுவிட்சைப் போட்டிருக்கலாமே!

இந்தத் துறையில இதுக்கு ஒரு பழைய விதி உண்டு. ஒரு பார்ட்டோட வடிவமோ, பொருந்துற விதமோ, செய்யற வேலையோ மாறி, பழசுக்குப் பதில் புதுசையும் புதுசுக்குப் பதில் பழசையும் போட முடியாதுன்னா, ரிவிஷன் மாத்தினா பத்தாது, நம்பரையே மாத்தணும். புது நம்பர் போட்டா வேலை ஜாஸ்திதான். பார்ட்ஸ் லிஸ்ட் எல்லாம் மாத்தணும், ஸ்டோர்ஸ்ல புது பின் வேணும், சப்ளையருக்குப் புது பி.ஓ. போடணும். அதனாலதான் எல்லா கம்பெனியிலயும் "நம்பரை மட்டும் தொடாதீங்க"ன்னு ஒரு குரல் கேட்கும். நல்ல சாஃப்ட்வேர் அந்த வேலையை லேசாக்கணும். ஒரு பார்ட்டைக் காட்டினா, அது எந்தெந்த அசெம்பிளியில உட்கார்ந்திருக்குன்னு ஒரே திரையில காட்டணும். நான் ஒரு சாஃப்ட்வேரை எடை போடும்போது முதல்ல தேடுற பட்டன் அதுதான்.

சரி, அப்ரூவலுக்கு வருவோம். டிராயிங்ல ஒரு மூலையில கட்டம் இருக்கும். வரைஞ்சவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். மூணு கையெழுத்து. அந்த மூணு கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

1981 ஜூலை 17. அமெரிக்காவுல கான்சஸ் சிட்டி, ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். லாபியில சாயங்காலம் நடன விழா. மேலே கம்பிகள்ல தொங்கிக்கிட்டிருந்த நடைபாலங்கள் இடிஞ்சு விழுந்து 114 பேர் இறந்து போனாங்க. முதல் டிசைன்படி, கூரையில இருந்து ஒரே நீளக் கம்பி இறங்கும். நாலாம் மாடிப் பாலமும் ரெண்டாம் மாடிப் பாலமும் அந்த ஒரே கம்பியைத் தனித்தனியாப் பிடிச்சுக்கும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போட்டு, நட்டை ஏத்துறது ஃபேப்ரிகேட்டருக்குக் கஷ்டம். அதனால கம்பியை ரெண்டாப் பிரிச்சாங்க. கூரையில இருந்து நாலாம் மாடிக்கு ஒண்ணு, நாலாம் மாடியில இருந்து ரெண்டாம் மாடிக்கு இன்னொண்ணு.

கிணத்துக் கயிறை நினைச்சுக்கங்க. ரெண்டு பேரும் கயிறைப் பிடிச்சுத் தொங்கினா அவங்கவங்க எடை அவங்கவங்க கையில. மாத்தின டிசைன்ல ரெண்டாவது ஆள் முதல் ஆளோட காலைப் பிடிச்சுத் தொங்குறான். முதல் ஆளோட கையில ரெட்டை எடை. நாலாம் மாடி நட்டுல அதுதான் நடந்தது. விசாரணையில முதல் டிசைனே விதிப்படி தாங்க வேண்டியதுல சுமார் 60 சதவீதம்தான் தாங்கும்னு தெரிஞ்சது. மாத்தினது அதுலயும் பாதி.

அந்த மாத்தின டிராயிங்ல இன்ஜினியரிங் கம்பெனியோட ரிவ்யூ முத்திரை இருந்தது. முத்திரை இருந்தது, ஆனா அந்த இணைப்புக்குக் கணக்கு யாரும் போடல. ஃபேப்ரிகேட்டர் நினைச்சார், இன்ஜினியர் பார்த்துக்குவார்னு. இன்ஜினியர் தரப்பு நினைச்சது, ஃபேப்ரிகேட்டர் பார்த்துக்குவார்னு. பொறுப்புல இருந்த இன்ஜினியர்களோட லைசென்ஸ் மிசூரி மாநிலத்துல பறிபோச்சு.

இந்த மாதிரி சாஃப்ட்வேரை வச்சுப் பொழைக்கிறவன்ங்கற முறையில ஒண்ணு சொல்றேன். அப்ரூவலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தா இந்த நோய் தானா குணமாகாது. சில இடத்துல ஜாஸ்தியே ஆகும். பேப்பர்ல கையெழுத்துப் போட, குறைஞ்சபட்சம் அந்த டிராயிங்கைக் கையில எடுத்து மேஜையில விரிச்சாகணும். திரையில "உங்களுக்காக 43 டாக்குமெண்ட் காத்திருக்கு, அனைத்தையும் ஒப்புதல் செய்"னு ஒரு பட்டன் வச்சுக் கொடுத்தா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே கிளிக். மல்டிபிள் அப்ரூவ் பட்டன் வேணும்னு எந்தக் கஸ்டமர் கேட்டாலும் நான் முடிஞ்ச வரைக்கும் சண்டை போடுவேன். பாதி தடவை தோத்துடுவேன், அது வேற விஷயம்.

அப்புறம் கடவுச்சொல் கதை. "சார் டூர்ல இருக்கார், பி.ஏ. கிட்ட பாஸ்வேர்ட் இருக்கு, போட்டுருவாங்க." நம்ம ஊர் ஆபீஸ் எதையும் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்ல. 2000-ல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்கு பேனாக் கையெழுத்துக்குச் சமமான மதிப்பு கொடுத்துச்சு. நாம என்ன பண்ணோம்? அந்த யு.எஸ்.பி. டோக்கனை ஆடிட்டர் ஆபீஸ் டிராயர்ல போட்டு வச்சோம்! இதுக்குத் திட்டினா பிரயோஜனம் இல்ல. சாஃப்ட்வேர்ல "நான் இல்லாத நாள்ல இவர் பார்ப்பார்"னு அதிகாரத்தை முறையா மாத்திக் கொடுக்க வழி வச்சா, பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய அவசியம் குறையும். யார் பேர்ல யார் ஒப்புதல் கொடுத்தாங்கன்னு ரெக்கார்டும் உண்மையா இருக்கும்.

ஆள் எண்ணிக்கையும் முக்கியம். ஏழு பேர் அப்ரூவல்னா ஏழு மடங்கு பாதுகாப்புன்னு மேனேஜ்மென்ட் நினைக்கும். ஒவ்வொருத்தரும் மத்த ஆறு பேரை நம்பித்தான் அழுத்துவாங்க. என் கட்சி, ரெண்டு பேர். மூணாவது ஆள் வேணும்னா அவர் எதைப் பார்க்கணும்னு எழுதிக் கொடுங்க. ஒருத்தர் பலம் பார்க்கட்டும், இன்னொருத்தர் இது நம்ம ஷெட்டுல செய்ய முடியுமான்னு பார்க்கட்டும்.

அந்த "செய்ய முடியுமா" கேள்வியை வெல்டர்கிட்ட கேட்கற கம்பெனி ரொம்பக் கம்மி. ஷெட்டுல பாதி நேரம் அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும், "இந்த இடத்துல டார்ச் உள்ள போகாது சார்"னு. அவங்க கருத்து சொல்ல ஒரு கட்டம் எந்த சாஃப்ட்வேர்லயும் முதல்லயே இருக்கறதில்ல. நாமதான் சேர்க்கணும்.

திருச்சிக்கே உரிய இன்னொரு விஷயம், பாய்லர். இந்தியாவுல பாய்லருக்குன்னு தனிச் சட்டம் வந்ததே ஒரு வெடிவிபத்தால. 1863-ல கல்கத்தாவுல பாய்லர் வெடிச்சுப் பலர் செத்தாங்க. அடுத்த வருஷம் வங்காளத்துல பரிசோதனைச் சட்டம். நாடு முழுக்க 1923 சட்டம், 1950-ல விதிமுறைகள். ஐ.பி.ஆர். அப்படின்னு திருச்சியில டீக்கடையில கூட சொல்லுவாங்க. 2025-ல பழைய சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டமும் வந்திருக்கு.

ஐ.பி.ஆர். வேலையில என்னை அசர வைக்கிறது ஹீட் நம்பர். எஃகு ஆலையில ஒரு உலையில ஒரு தடவை உருக்கின உலோகத்துக்கு ஒரு நம்பர். அந்த உருக்குல இருந்து வந்த எல்லா பிளேட்டுலயும் அந்த நம்பர் பஞ்ச் ஆகியிருக்கும், கூடவே அதோட ரசாயனக் கலவை, பலம் எல்லாம் எழுதின சர்டிஃபிகேட். ஷெட்டுல அந்த பிளேட்டை ரெண்டா வெட்டுறதுக்கு முன்னாடி, நம்பர் இல்லாத துண்டுலயும் அதே நம்பரைப் பஞ்ச் பண்ணணும். அப்புறம் எந்த ஜாயின்ட்டை எந்த வெல்டர் போட்டார், எந்த முறைப்படி போட்டார், எக்ஸ்ரே ஃபிலிம் எது. எல்லாம் சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே வரும். முடிவுல பிரஷர் டெஸ்ட். முடிஞ்சு வெளிய போற பொருளோட ஒரு தடி ஃபைல் போகும். சில சமயம் பொருளை விட ஃபைல்தான் லேட் ஆகும். ஜாப் பெயின்ட் அடிச்சு ரெடியா நிக்கும், ஒரு சர்டிஃபிகேட் கிடைக்காம லாரி வெளிய போகாது. பில் போட முடியாது. வட்டி மட்டும் ஓடும். பழைய சர்டிஃபிகேட் தேடி ஸ்டோர்ஸ்ல ரெண்டு நாள் தூசி தட்டற வேலை, ஹீட் நம்பரைப் போட்டா ரெண்டு செகண்ட்ல வரணும். சின்ன யூனிட்டுக்கு இந்த சாஃப்ட்வேரால முதல்ல காசு மிச்சமாகிற இடம் இதுதான், டிராயிங் கூட அப்புறம்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரன் கோயில் பத்திப் பேசாம எபிசோடை முடிச்சா வீட்ல சோறு கிடைக்காது. எங்க கோயில் சுவர்கள்ல 600-க்கு மேல கல்வெட்டு இருக்கு. தானம், நிலம், வரி, ஏற்பாடு. ரிலீஸ் ஆன டாக்குமெண்ட்னா அது. எடிட் பண்ண முடியாது. மாத்தணும்னா புதுசா ஒண்ணு வெட்டணும். பழசும் பக்கத்துலயே நிக்கும். சோழர் காலத்துல ஒரு உத்தரவு கல்லுக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்த வரிசையும் சுவாரசியம். ராஜா வாயால சொன்னதை திருமந்திர ஓலை எழுதுவார், ஓலைநாயகம் பார்த்து ஒப்புவார், அப்புறம் வரிப்பொத்தகத்துல ஏறும். ஒவ்வொருத்தர் பேரும் பதிவாகும்.

இதுல எனக்குப் பிடிச்சது திருமழபாடி. ஸ்ரீரங்கத்தை ஒட்டி ஓடுற அதே கொள்ளிடத்தோட வடகரை. அங்க கோயில் விமானத்தை இடிச்சுட்டுப் புதுசாக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டுல உத்தரவு போட்டான். கூடவே இன்னொண்ணும் சொன்னான்: இடிக்கறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கற கல்வெட்டு எல்லாத்தையும் புத்தகத்துல எழுதி வச்சுக்கணும். கட்டி முடிச்சு, அவன் மகன் ராஜேந்திரனோட 14-ஆம் ஆண்டுல, அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி கல்லுல வெட்டினாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த டேட்டா மைக்ரேஷன் மக்களே! பழைய சிஸ்டத்தை அணைக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தாங்களான்னு நான் கேட்கும்போது முழிக்கிற கிளையண்ட்டுகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்றது.

இப்ப தம்பியோட கேள்விக்கு நேரா வரேன். பெரிய கம்பெனிங்க சீமென்ஸ் டீம்சென்டர், பி.டி.சி. விண்ட்சில், டசால்ட் எனோவியா இதெல்லாம் வச்சிருப்பாங்க. பதினஞ்சு பேர் ஷெட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுற கதை. சாலிட்வொர்க்ஸ், ஆட்டோடெஸ்க் வாங்கி வச்சிருக்கற இடத்துல அதுங்களோட பி.டி.எம்., வால்ட் போதும். பலருக்கு அதுவும் வேண்டாம்.

நம்ம வெசல் அண்ணன் என்ன பண்ணார்னு சொல்றேன், அதைவிட நல்ல யோசனை என்கிட்ட இல்ல. சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ரெஜிஸ்டர் போட்டார். டிராயிங் எந்த வழியில வந்தாலும், வாட்ஸ்ஆப்ல வந்தாலும் மெயில்ல வந்தாலும், ஆபீஸ்ல இருக்கற ஒரு அக்கா கையால மட்டும்தான் பிரிண்ட் ஆகும். அவங்க சிவப்பு முத்திரை குத்தாத பேப்பர் ஷெட்டுக்குள்ள வரக்கூடாது. புதுசு கொடுக்கும்போது பழசைத் திருப்பி வாங்கிக் கிழிக்கணும். பழசு வரலைன்னா புதுசு கிடையாது. இது நாலு மாசம் ஓடினதுக்கப்புறம்தான் நாங்க உட்கார்ந்து ஒரு சின்ன வெப் ஆப் எழுதினோம். ஒவ்வொரு பிரிண்ட்லயும் ஒரு க்யூ.ஆர். கோடு. போன்ல ஸ்கேன் பண்ணா பச்சைன்னா லேட்டஸ்ட், சிவப்புன்னா நிறுத்து. தமிழ்ல ஒரே வார்த்தை, வேற ஒண்ணும் இல்ல.

முதல் ரெண்டு வாரம் யாரும் ஸ்கேன் பண்ணல. "என்னை நம்பலையா"ன்னு மார்க்கிங் போடுற பெரியவருக்குக் கோபம். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. அண்ணன் அவர்கிட்ட, "உங்களை நம்பறேன் மாமா, அந்தப் பேப்பரைத்தான் நம்பல"ன்னு சொன்னார். மூணாவது வாரம் ஒரு பிராக்கெட் டிராயிங்ல சிவப்பு வந்துச்சு. கஸ்டமர் முந்தின நாள் ராத்திரி மாத்தி அனுப்பியிருந்தாங்க. பெரியவர் சாக்பீஸைக் கீழே வச்சுட்டு ஆபீஸுக்கு நடந்து வந்து, "ஏம்மா, புதுசு எங்க?"ன்னு கேட்டாராம்.

தம்பி, உங்க யூனிட்ல அந்த அக்கா யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. க்யூ.ஆர். கோடு எழுதினது ரெண்டு ராத்திரி வேலைதான், அதைத் தனியா ஒரு எபிசோடுல காட்டுறேன். வரேன் மக்களே.